சர்வர் மென்பொருள் தானாக எதுவரை செய்யலாம்?

பிற கணினிகள் கேட்கும் தரவை இடைவிடாது எடுத்துக்கொடுக்கும் கணினியே சர்வர் எனப்படுகிறது. அதில் புதிய மென்பொருள் ஒன்றை நிறுவியதும் அது உடனே இயங்க வேண்டுமா, பொறுப்பாளரின் கட்டளைக்குக் காத்திருக்க வேண்டுமா என்பதில் லினக்ஸ் உலகத்தாரிடையே ஒருமித்த கருத்து இல்லை. டெபியன் வழிவந்த இயங்குதளங்களில் வலைச்சர்வர் மென்பொருளை நிறுவினால் பொதுவாக அப்போதே ஓடத் தொடங்கிவிடும். ரெட் ஹாட் வழியிலோ நிறுவுதலும் இயக்குதலும் தனித்தனிச் செயல்களாகக் கருதப்படுவதால், பொறுப்பாளர் தனியே கட்டளையிட்ட பின்னரே அது ஓடும். இதை வசதியா பாதுகாப்பா என்ற பழைய வழக்காகச் சுருக்குவதைவிட, தானாக மாற்றப்படும் பொருள் யாருடையது என்று கேட்பது பயன் தரும்.

எச்டிடிபிஎஸ் சான்றிதழை எடுத்துக்கொள்ளலாம். இணையதளத்துக்கும் பார்வையாளருக்கும் இடையிலான போக்குவரத்தைப் பிறர் படிக்க முடியாமல் மறையாக்குவதற்கு, தளத்தின் அடையாளத்தை உறுதிசெய்யும் இந்தச் சான்றிதழ் தேவைப்படுகிறது. 2015 இறுதியில் அதை இலவசமாகப் பொதுமக்களுக்கு வழங்கத் தொடங்கிய லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு, அதன் ஆயுளை 90 நாள்கள் என்று வேண்டுமென்றே குறுக்கி வைத்தது. புதுப்பித்தலைக் கையால் செய்வது அலுத்துப்போய் எல்லோரும் தானியக்கத்துக்கு மாறட்டும் என்பதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. தேதி தவறினால் தளமே முடங்கும் இத்தகைய வேலையை மனித நினைவாற்றலிடம் விட்டுவைப்பதற்கு நியாயமே இல்லை.

ஆயினும் இரண்டு கருவிகள் இரண்டு எல்லைகளை வகுத்துக்கொண்டன. கேடி என்னும் வலைச்சர்வர், தளத்தின் பெயரைச் சொன்னாலே போதும், சான்றிதழைத் தானே பெற்றுத் தானே பொருத்திக்கொள்கிறது. மாறுவது அதன் சொந்த அமைப்பு என்பதால் அதில் குறைசொல்ல ஏதுமில்லை. செர்ட்பாட் என்னும் கருவியோ, என்ஜின்எக்ஸ் போன்ற வேறொரு மென்பொருளின் கான்ஃபிக் கோப்பை, அதாவது அம்மென்பொருள் எப்படி நடக்க வேண்டும் என்று பொறுப்பாளர் எழுதிவைத்த குறிப்புகளை, திருத்தவும் வல்லது. பிறர் எழுதியதில் கைவைக்க நேர்வதால்தான், சான்றிதழை மட்டும் பெற்றுத் தந்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் முறையையும் அது வைத்திருக்கிறது.

தானியக்கம் தன் தவறையும் சலிக்காமல் திரும்பச் செய்யும். பெற்ற சான்றிதழை நிலையாகச் சேமிக்காத சர்வர் ஒவ்வொரு மறுதொடக்கத்திலும் புதிதாக ஒன்றைக் கேட்கும். ஒரே தளப்பெயர்களுக்கு வாரத்துக்கு 5 சான்றிதழ்கள் என்ற லெட்ஸ் என்கிரிப்ட்டின் வரம்பு தீர்ந்ததும் தளம் சான்றிதழின்றி நிற்கும்.

இயல்பு அமைப்பு, அதாவது எவரும் எதையும் தேர்ந்தெடுக்காதபோது கருவி தானாக ஏற்கும் நிலை, இன்னும் பெரிய சேதத்தை விளைவிக்கக்கூடும். 2017 ஜனவரியில் கடவுச்சொல் இன்றி இணையத்தில் திறந்து கிடந்த பல்லாயிரம் மாங்கோடிபி தரவுத்தளங்கள் அழிக்கப்பட்டுப் பணயத்தொகை கேட்கப்பட்டது. அந்த ஆண்டின் இறுதியில் வந்த மாங்கோடிபியின் 3.6 பதிப்பு, அதே கணினிக்குள்ளிருந்து வரும் இணைப்புகளை மட்டும் ஏற்பதையே இயல்பாக்கியது. வெளியுலகுக்குக் கதவைத் திறப்பது பொறுப்பாளர் கையால் எழுத வேண்டிய வரியாயிற்று.

உடைமை வரம்பை நெடுங்காலமாக மதித்துவருவது டெபியனின் நிறுவல் கருவியே எனலாம். கான்ஃபிக் கோப்பைப் பொறுப்பாளர் தொடாதிருந்தால் புதிய பதிப்பை ஓசையின்றி வைத்துவிடும். அவர் திருத்தியிருக்க, புதிய பதிப்பும் மாறியிருந்தால், எதை வைத்துக்கொள்வது என்று நின்று கேட்கும். ஆள் இல்லாத நள்ளிரவுப் புதுப்பித்தலின் நடுவே இக்கேள்வி எழுந்தால் வேலை அப்படியே நின்றுபோகும் என்பதால், விடையை முன்கூட்டியே சொல்லிவைக்கும் கட்டளைத் தெரிவுகளும் அதில் உள்ளன.