இரண்டு மாத்திரை சேர்ந்தால் ஆபத்து!

நெஞ்சு வலிக்காகத்தான் அந்த மாத்திரையை முதலில் செய்தார்கள்.

இங்கிலாந்தில் சாண்ட்விச் என்று ஓர் ஊர். அங்கே பைசர் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடம் இருந்தது. இருதயத்துக்கு ரத்தம் கொண்டு போகும் குழாயை விரிக்க மருந்து தேடினார்கள். "சில்டெனாபில்" கிடைத்தது.

1990-களின் தொடக்கத்தில் அதை ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நெஞ்சு வலிக்குப் பெரிய பலன் இல்லை. ஆனால், ஆண்மைக் குறைவுக்குப் பலன் தெரிந்தது!

1998 மார்ச் 27-ந் தேதி அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. "வயாகரா" என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

இது ஆசையை ஊட்டும் மருந்து அல்ல. ரத்தக் குழாயைத் தளர்த்தும், அவ்வளவுதான். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது.

நாக்குக்கு அடியில்...

இருதய நோயாளிகள் சட்டைப் பையில் ஒரு சிறு மாத்திரை வைத்திருப்பார்கள். நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைப்பார்கள். "சார்பிட்ரேட்" என்று பெயர். அதுவும் ரத்தக் குழாயை விரிக்கும்.

இரண்டும் சேர்ந்தால்? ரத்த அழுத்தம் கிடுகிடுவென்று இறங்கிவிடும். மயக்கம் வரும். உயிரும் போகலாம்!

பாளையங்கோட்டையில் ஒருவர் இரவில் இந்த மாத்திரையைச் சாப்பிட்டார் என்று வைத்துக்கொள்வோம். நெஞ்சு வலிக்கிறது. மனைவியும் மகனும் ஆட்டோவில் ஏற்றி, ஐகிரவுண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறார்கள்.

"வேறு மாத்திரை ஏதாவது சாப்பிட்டீர்களா?" என்று டாக்டர் கேட்கிறார்.

மகன் பக்கத்தில் நிற்கிறான். அவர் "இல்லை" என்று தலையை ஆட்டுகிறார்.

அந்த ஒரு பொய் அவரைக் கொன்றுவிடலாம்!

சில்டெனாபில் சாப்பிட்டால் 24 மணி நேரத்துக்கு நாக்கு மாத்திரை கூடாது. "தடாலாபில்" என்றால் 48 மணி நேரம். டாக்டருக்குத் தெரிந்தால் வேறு மருந்து கொடுப்பார். வெட்கமாக இருந்தால், தனியாகப் பேச வேண்டும் என்று கேட்கலாம். மனைவிக்கும் தெரிந்திருப்பது நல்லது. அவர் மயங்கிக் கிடந்தால் அவள்தானே சொல்ல வேண்டும்!

பொடியிலும் அதே மருந்து

"இங்கிலீஷ் மருந்து வேண்டாம், மூலிகைக்குப் பயமில்லை" என்பவர்கள் உண்டு. மூலிகை என்று விற்ற சரக்கில் சில்டெனாபில் கலந்திருந்ததைப் பல நாடுகளில் கண்டுபிடித்திருக்கிறார்கள். சாப்பிட்டவருக்கே தெரியாது. டாக்டரிடம் எப்படிச் சொல்வார்?

ஆண்மை பெருக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-லேயே இந்தியாவில் சட்டம் வந்துவிட்டது. சுவரொட்டிகள்தான் ஓயவில்லை!

சித்த வைத்தியம்தான் வேண்டும் என்றால், பாளையங்கோட்டையிலேயே 1964-ல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. லாட்ஜில் ரூம் போட்டு உட்கார்ந்திருப்பவரிடம் எதற்குப் போகவேண்டும்?

சாப்பிடும் முறை

டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது. சில்டெனாபிலை ஒரு மணி நேரம் முன்னதாகச் சாப்பிட வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு தடவைதான். பலன் இல்லை என்று இன்னொன்று போடக் கூடாது. ரத்தக் கொதிப்புக்கோ, பிராஸ்டேட் வீக்கத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் சொல்ல வேண்டும். விறைப்பு 4 மணி நேரம் ஆகியும் அடங்காவிட்டால், அல்லது திடீரென்று பார்வை மங்கினால், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

டாக்டரிடம் போவதில் இன்னொரு லாபமும் உண்டு. அவர் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு இரண்டையும் பார்ப்பார். பீடி, சிகரெட்டை விடச் சொல்வார். ஆண்மைக் குறைவு சிலருக்கு இருதய நோயின் முன்னறிவிப்பு. சிறிய ரத்தக் குழாய் முதலில் அடைபடும். இருதயத்தின் குழாய் சில வருஷம் கழித்து அடைபடும். கடையில் ரகசியமாக வாங்கிச் சாப்பிடுகிறவருக்கு இந்தச் சங்கதி தெரியாமலே போய்விடுகிறது.