பிராது கொடுக்க ஏன் தயங்குகிறோம்?

களத்தில் உலர்த்திய மிளகு ஒரு சாக்கு இரவோடிரவாக மறைகிறது. தறியிலிருந்த பாவு அறுத்துக் கொண்டு போகப்படுகிறது. எடுத்தவர் யாரென்று ஊருக்கே தெரியும். ஆயினும் போலீஸ் நிலையத்தில் பிராது எழுதப்படுவதில்லை. பொருட்களவுக்கே இந்நிலை என்றால், அடிபட்டவரும் மானபங்கம் செய்யப்பட்டவரும் வாய் மூடி இருப்பதில் வியப்பென்ன? 2019-21-ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, கொடுமைக்கு உள்ளான பெண்களில் நூற்றுக்கு 77 பேர் எவரிடமும் உதவி நாடவில்லை, எவரிடமும் சொல்லவுமில்லை.

பட்டணத்து அன்பர்கள் சிலர் இதனைக் கோழைத்தனம் என்று கூறிவிடுகின்றனர். அக்கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. பெரும்பாலும் அது கணக்குப் பார்த்து எடுத்த முடிவேயாகும்.

சேர்வராயன் மலையையே எடுத்துக் கொள்வோம். உள்மலைச் சிற்றூரிலிருந்து ஏற்காட்டுக்கு வந்து பிராது கொடுக்க ஒரு நாள் வேண்டும். செஷன்ஸ் வழக்கானால் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலத்துக்குச் செல்ல வேண்டும். வாய்தா ஒன்றுடன் முடிவதில்லை. காபி பறிப்புக் காலத்தில் போகும் ஒவ்வொரு நாளும் கூலி இழப்பு. இவை யாவற்றையும் தாங்கினாலும், குற்றஞ் செய்தவர் வேலை கொடுக்கும் மேஸ்திரியாகவோ, முன்பணம் தந்த வியாபாரியாகவோ, பெண் கொடுத்த உறவினராகவோ இருப்பார். நெசவாளருக்கும் இதே நிலைதான். நூல் கொடுப்பவர் மீது சாட்சி சொன்னவருக்கு மறுவாரம் நூல் எங்கிருந்து வரும்?

பட்டக்காரரும் மூப்பனும் கூடி விசாரித்துத் தீர்ப்பது மலையில் பழைய வழக்கம். வரப்புத் தகராறுக்கு அது போதும், செலவும் குறைவு. ஒரு பெண்ணுக்கு நேர்ந்த கேட்டுக்கு அவ்வழி போதாது என்பது நம் கருத்து. அங்கே பெரும்பாலும் குடும்பங்களே சமாதானமாகின்றன. அவள் சொல்ல வேண்டியது சொல்லப்படாமலே போகிறது.

யாரிடம் முறையிட வேண்டுமோ அவரே குற்றவாளியாகவோ, குற்றவாளியின் தோழராகவோ இருக்குமிடத்தில் தயக்கம் மிக வலுப்பெறுகிறது. இது புதிய செய்தியன்று. சென்னை ராஜதானியில் வரி வசூலுக்காகக் குடிகள் சித்திரவதை செய்யப்பட்டதை விசாரித்த கமிஷன் 1855-இல் தன் அறிக்கையை அளித்தது. குடிகள் ஏன் முறையிடவில்லை என்பதற்கு அது கூறிய காரணங்கள் இன்று எழுதியவை போலவே உள்ளன. கலெக்டர் இருக்குமிடம் தொலைவு; செலவும் காலவிரயமும் அதிகம்; எழுதி அனுப்பினாலோ, அம்மனு தாசில்தாருக்கே திருப்பப்படும் என்ற அச்சம். அந்நாளில் தாசில்தாரிடமே வரியும் போலீசும் சேர்ந்திருந்தன. அடித்தவரிடமே அடிபட்டவரின் மனு போய்ச் சேர்ந்தது!

அதற்கு 137 ஆண்டுகள் கழித்து, சேர்வராயனுக்குக் கிழக்கே, தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள வாச்சாத்தியில் அதுவே நிகழ்ந்தது. அங்கு வாழ்பவர்களும் நம் மலையில் உள்ளவர்களைப் போலவே மலையாளிப் பழங்குடியினர். 1992 ஜூன் 20 அன்று, சந்தனக்கட்டை தேடுவதாகக் கூறி வனத்துறையினரும் போலீசாரும் வருவாய்த்துறையினரும் ஊருக்குள் புகுந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன, 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாயினர். 28 குழந்தைகள் உட்பட 133 பேர் கைதாகி, பெண்கள் சேலம் சிறையில் அடைக்கப்பட்டனர். அப்பெண்கள் யாரிடம் சென்று பிராது கொடுப்பது? போலீசாரிடமா? வனத்துறையினரிடமா? நடந்ததை வெளியே சொல்லக் கூடாதென்று மிரட்டப்பட்டதையும் அவர்கள் பின்னர்க் கூறினர்.

மறுமாதம் தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தினர் அவ்வூருக்குச் சென்று கேட்டபோதே செய்தி வெளிவந்தது. மார்க்சிஸ்ட் கட்சித் தலைவர் அ. நல்லசிவன் நீதிமன்றத்தை அணுகினார். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்தின் அதிகாரி பாமதி நேரில் விசாரித்து அறிக்கை அளித்தார். 1995-இல் சென்னை உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. 269 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. 2011 செப்டம்பர் 29 அன்று, அவர்களுள் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகளே எனத் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-இல், அதே செப்டம்பர் 29-இல், உயர் நீதிமன்றம் அதனை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்குமாறு ஆணையிட்டது.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று. அப்பெண்கள் ஒரு மாதம் மௌனமாக இருந்தனர்; பின்பு 31 ஆண்டுகள் உறுதி தளராது நின்றனர். அவர்களிடம் துணிவு இல்லாமல் இல்லை. குற்றஞ் செய்தவரை எதற்கும் அண்டியிராத ஒருவர் வந்து கேட்க வேண்டியிருந்தது.

சட்டமும் இதற்கு இடம் தருகிறது. குற்றத்தைப் பற்றிய தகவலைப் பாதிக்கப்பட்டவரே கொடுக்க வேண்டும் என்பதில்லை. அறிந்த எவரும் கொடுக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, குற்றம் எவ்வூரில் நடந்திருந்தாலும் எந்தப் போலீஸ் நிலையத்திலும் தகவல் தரலாம். பதிவின் நகலை இலவசமாகப் பெறலாம். நிலையத்தில் மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம்; அதுவும் பயன்படாவிடில் மாஜிஸ்திரேட்டை அணுகலாம். சாட்சியான பெண்ணையோ 60 வயது கடந்தவரையோ விசாரணைக்காகத் தம் இருப்பிடம் விட்டு வருமாறு போலீசார் கட்டாயப்படுத்த இயலாது. தாமதமாயிற்று என்ற ஒரே காரணத்தால் பாலியல் குற்றப் பிராதைத் தள்ளலாகாது என்பதை உச்ச நீதிமன்றம் 1996-இலேயே குர்மித் சிங் வழக்கில் தெளிவாக்கியுள்ளது.

உயிருக்கு அச்சமுள்ள சாட்சிகளுக்காக, 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற பாதுகாப்புத் திட்டம் ஒன்றும் உண்டு. மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவுக்கு மனுச் செய்ய வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளில் பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிகளுக்கும் பயணப்படியும் தினப்படியும் உண்டு. பெண்களுக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் வக்கீல் உதவி இலவசம். 15100 என்ற எண்ணில் கேட்டறியலாம்.

பஸ் கட்டணமும், உடன் வர ஓர் ஆளும், தேதியிட்டு எழுதிய ஒரு தாளும் சங்கத்தால் தரக்கூடியவை. செயலாளர் மேஸ்திரியிடம் கூலி வாங்குபவரல்லர். சங்கத்திலிருந்து நூல் பெறும் நெசவாளருக்கு மறுவாரமும் நூல் வரும்.