களம் காணும் எந்திரன்



திருவனந்தபுரத்தில் வாழும் உங்களுக்கு 'ரோபோ' என்னும் சொல் புதியதன்று. கேரள மாநிலப் பாடத்திட்டத்தில் 2025ஆம் ஆண்டு முதல் பத்தாம் வகுப்பு மாணவர்கள் அனைவரும் அதனைப் பயில்கின்றனர். ரோபோவைத் தமிழில் 'எந்திரன்' என்கிறோம். மாணவர்கள் தாமே உருவாக்கிய எந்திரனைப் பெரிய போட்டிக்கு எவ்வாறு ஆயத்தம் செய்கின்றனர் என்பதை இப்பாடத்தில் அறிவோம்.

ரோபோகான் போட்டி

ஆசிய-பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியம் கல்லூரி மாணவர்களுக்காக 'ரோபோகான்' என்னும் போட்டியை நடத்துகிறது. முதற்போட்டி 2002ஆம் ஆண்டு டோக்கியோவில் நடைபெற்றது. இந்திய அணியைத் தேர்ந்தெடுக்கும் தேசியப் போட்டியைத் தூர்தர்ஷன் நடத்தி வருகிறது. போட்டியை நடத்தும் நாடு தன் பண்பாட்டிலிருந்து ஒரு கருப்பொருளை வழங்குவது வழக்கம். 2008இல் புனே நகரில் நடந்த போட்டி நம் உறியடி விளையாட்டைத் தழுவியது.

2014இல் மீண்டும் புனேயில் நடந்த போட்டியின் கருப்பொருள் பெற்றோரின் அன்பு. பெற்றோர் எந்திரன் ஒன்று, குழந்தை எந்திரன் ஒன்று என ஒவ்வோர் அணிக்கும் இரண்டு எந்திரன்கள். குழந்தையைப் பெற்றோர் தூக்கிச் சென்று ஏற்றப்பலகையிலும் ஊஞ்சலிலும் விளையாடச் செய்தல் வேண்டும். எல்லாப் பணிகளையும் முடித்தால் அவ்வெற்றிக்குப் பெயர் 'சபாஷ்'! இவை அனைத்தையும் மூன்று நிமிடங்களுக்குள் செய்து முடித்தல் வேண்டும். அந்த மூன்று நிமிடங்களுக்காகப் பல மாதங்கள் உழைக்க வேண்டும்.

ஆயத்தம் செய்யும் முறை

முதற்பணி, விதிநூலைப் படித்தல். எந்திரனின் நீளம், உயரம், எடை ஆகியவற்றுக்கு வரம்பு உண்டு. வரம்பை மீறிய எந்திரன் எத்துணைச் சிறந்ததாயினும் களத்தில் இறங்க இயலாது. அடுத்து, வரைபடம் வரைந்து, சட்டகம், மோட்டார், பற்சக்கரம், மின்கலம் முதலியவற்றைப் பொருத்துவர். பின்னர் கணினி நிரல் எழுதுவர்.

எந்திரன் ஓடத் தொடங்கியதும் பணி முடிந்துவிட்டதாக எண்ணுதல் கூடாது. உண்மையான ஆயத்தம் அப்போதுதான் தொடங்குகிறது. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 'இரண்டு விநாடி முன்னே செல்' என்று நிரல் எழுதியதாகக் கொள்வோம். மின்கலம் நிறைந்திருக்கும்போது எந்திரன் உரிய இடத்தை அடையும். மின்கலம் சற்றே குறைந்ததும் மோட்டாரின் வேகம் குறைந்து, அதே இரண்டு விநாடியில் பாதி வழியில் நின்றுவிடும். ஆதலால், காலத்தை அளவாகக் கொள்ளாமல் சக்கரத்தின் சுழற்சியை எண்ணும் உணரியைப் பொருத்துகின்றனர்.

தரையிலுள்ள வெள்ளைக் கோட்டைப் பின்பற்றும் எந்திரனுக்கு வேறொரு சிக்கல் உண்டு. வெள்ளைக் கோடு மிகுதியான ஒளியை எதிரொளிக்கும். அதைக் கொண்டே உணரி கோட்டை அறிகிறது. பள்ளி அறையின் ஒளி வேறு, விளையாட்டரங்கின் பெருவிளக்கொளி வேறு. எனவே, போட்டி நடக்கும் இடத்திற்குச் சென்றதும் உணரியை மீண்டும் அளவீடு செய்தல் வேண்டும்.

ஓட்டத்தின் அதிர்வால் திருகாணிகள் தளரும், கம்பிகள் கழலும். ஒவ்வோர் ஓட்டத்திற்குப் பின்னும் அவற்றைச் சரிபார்த்து, கண்ட குறையை நாட்குறிப்பில் எழுதுவர். ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டுமே செய்வர். பல மாற்றங்களை ஒருங்கே செய்தால், எம்மாற்றத்தால் குறை நீங்கியது என்பது விளங்காது.

போட்டிக்கு அப்பால்

இவ்வாறு குறையைக் கண்டறிந்து நீக்கும் பழக்கம் களத்தோடு முடிவதில்லை. 2015இல் கோழிக்கோட்டில் பாதாளச் சாக்கடைக் குழிக்குள் இறங்கிய தொழிலாளர் இருவரும், அவர்களைக் காப்பாற்ற முயன்ற ஆட்டோ ஓட்டுநர் ஒருவரும் உயிரிழந்தனர். குற்றிப்புறத்தில் பொறியியல் பயின்ற இளைஞர் சிலரின் உள்ளத்தை இந்நிகழ்வு உலுக்கியது. அவர்கள் தொடங்கிய ஜென்ரோபோட்டிக்ஸ் நிறுவனம் 'பேண்டிகூட்' என்னும் எந்திரனை உருவாக்கியது. அது 2018இல் நம் திருவனந்தபுரத்தில் பணியைத் தொடங்கியது. அதன் கை குழிக்குள் இறங்கிக் கழிவை அள்ளும். மேலே நிற்பவர் திரையில் பார்த்து அதனை இயக்குவார். முன்பு குழிக்குள் இறங்கிய தொழிலாளர்களே பயிற்சி பெற்று அதனை இயக்குபவர்களாயினர். கும்பகோணம், கோயம்புத்தூர் முதலிய தமிழக நகரங்களுக்கும் அது சென்றுள்ளது.

'பேண்டிகூட்' என்பது 'பந்திகொக்கு' என்னும் தெலுங்குச் சொல்லிலிருந்து ஆங்கிலத்திற்குச் சென்ற சொல். தமிழில் அதனைப் பெருச்சாளி என்பர்.

போட்டியில் வெல்லும் எந்திரன் பரிசைத் தரும்; ஓர் உயிரைக் காக்கும் எந்திரனோ ஒரு குடும்பத்தையே காக்கும். உங்கள் கைகள் எதைச் செய்யப் பழகினாலும், அது யாருக்குப் பயன்படும் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

சொற்பொருள்

ஆயத்தம் – முன்னேற்பாடு
கருப்பொருள் – மையக் கருத்து
நிரல் – கணினிக்குத் தரும் கட்டளைத் தொகுப்பு
உணரி – ஒளி, அசைவு முதலியவற்றை அறியும் கருவி

விடையளிக்க

1. 2014ஆம் ஆண்டு ரோபோகான் போட்டியின் கருப்பொருள் யாது?
2. காலத்தை அளவாகக் கொண்டு எழுதும் நிரலில் நேரும் குறை என்ன?
3. உங்கள் தெருவில் மனிதர் செய்யும் இடர்மிகுந்த பணி ஒன்றைக் கூறி, அதற்கு ஏற்ற எந்திரனைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.