மூளை இல்லாத கம்ப்யூட்டர்!

மேஜை மீது ஒரு சின்னப் பெட்டி. பக்கத்தில் திரை, கீபோர்டு, மவுஸ். பார்த்தால் கம்ப்யூட்டர்தான். ஆனால் பெட்டியைத் திறந்தால், எதையும் சேமித்து வைக்கும் ஹார்ட் டிஸ்க் இல்லை!

அப்படியானால் மூளை எங்கே? எங்கோ ஓர் அறையில் உள்ள பெரிய கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதன் பெயர் சர்வர். இந்தச் சின்னப் பெட்டிக்கு 'தின் கிளையன்ட்' என்று பெயர். மெலிந்த கம்ப்யூட்டர் என்று சொல்லலாம்.

தொட்டியும் குழாயும்

அபிராமபுரத்தில் அடுக்குமாடி வீடுகள் ஏராளம். அங்கே வீட்டுக்கு ஒரு கிணறா இருக்கிறது? மொட்டை மாடியில் பொதுவாகத் தொட்டி, வீடுதோறும் குழாய். திருகினால் தண்ணீர்.

சர்வர்தான் தொட்டி. மெலிந்த கம்ப்யூட்டர்தான் குழாய்.

பையன் 'அ' என்று தட்டுகிறான். அந்தச் செய்தி கம்பி வழியே சர்வருக்கு ஓடுகிறது. வேலையைச் சர்வர் செய்கிறது. படம் திரும்பி வருகிறது. திரையில் 'அ' தெரிகிறது. எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில்!

அட்டையுடன் காத்திருந்தார்கள்

அபிராமபுரத்துக்குத் தெற்கே, அடையாற்றைத் தாண்டினால் ஐ.ஐ.டி. 1973-ல் அங்கு ஐ.பி.எம். 370 என்ற பெரிய கம்ப்யூட்டர் வந்தது. மாணவர்கள் அனைவருக்கும் அது ஒன்றுதான். கணக்குகளை அட்டையில் துளையிட்டுக் கொடுத்துவிட்டு, விடைக்குக் காத்திருந்தார்கள்.

பிறகு ஆளுக்கொரு கம்ப்யூட்டர் வந்தது. காத்திருப்பு போயிற்று. செலவு வந்தது! விலை ஒரு பக்கம். பழுது, வைரஸ் என்று மாதந்தோறும் தொல்லை மறுபக்கம்.

சென்னையின் முயற்சி

இதற்கு வழி காண மூவர் சேர்ந்தனர். ஐ.ஐ.டி. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா. அமெரிக்காவில் 'அனலாக் டிவைசஸ்' என்ற சிப் கம்பெனியைத் தொடங்கிய ரே ஸ்டாட்டா. 1999-ல் தமது இணையதள நிறுவனத்தை 499 கோடி ரூபாய்க்கு விற்ற ராஜேஷ் ஜெயின். இவர்கள் சென்னையில் தொடங்கியதுதான் 'நோவேஷியம்'.

செல்போனில் இருப்பது போன்ற மலிவான சிப்பை வைத்துப் பெட்டி செய்தார்கள். சுமார் 100 டாலரில் கம்ப்யூட்டர் என்பது குறி. பழுது பார்ப்பதும் வைரஸைத் துரத்துவதும் சர்வர்காரர் பொறுப்பு. வீட்டுக்காரர் மாதக் கட்டணம் கட்டினால் போதும். 2007-ல் அமெரிக்காவின் 'நியூஸ்வீக்' பத்திரிகையும் இதைப் பற்றி எழுதியது.

ஆனால் பெட்டி வீடுதோறும் பரவவில்லை. அந்நாளில் வீட்டு இணையத்தின் வேகம் குறைவு. குழாய் குறுகலாக இருந்தால் தண்ணீர் எப்படி வரும்? பிறகு செல்போனே கையடக்கக் கம்ப்யூட்டர் ஆகிவிட்டது.

முறை பிழைத்தது

பெட்டி தோற்றாலும் முறை தோற்கவில்லை. ரெயில் முன்பதிவைப் பாருங்கள். 1985-ல் டெல்லியில் தொடங்கிய ஏற்பாடு அது. கவுண்ட்டரில் இருப்பது திரையும் கீபோர்டும். இடங்களின் கணக்கு மைய கம்ப்யூட்டரில். பாங்கியிலும் அப்படியே. இன்று செல்போன் படங்களை 'கிளவுட்'டில் சேமிக்கிறோமே, அதுவும் யாரோ ஒருவருடைய சர்வர்தான்.

லாபம் தெரிகிறது. ஆபத்தும் உண்டு. கம்பி அறுந்தால் வேலை நிற்கும். பாஸ்வேர்டு களவு போனால் எல்லாம் போகும்.

எனவே பிள்ளைகளின் சான்றிதழ், வீட்டுப் பத்திரம் போன்றவற்றைக் கிளவுட்டில் மட்டும் வைக்காதீர்கள். ஒரு நகல் வீட்டிலும் இருக்கட்டும். பொதுத்தொட்டி இருந்தாலும் சமையலறையில் ஒரு குடம் நிரப்பி வைப்பது நம் வீட்டுப் பழக்கம்தானே!