பால்கோவா அடுப்பும் டிசைன் லேப்டாப்பும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிற அடுப்பங்கரையில் ஒரு வாணலிக்கு ஓர் ஆள்தான். பால் சுண்டிச் சுருளும்வரை அவர் கரண்டியை நிறுத்துவதில்லை. அதே வாணலியைச் சுற்றி எட்டுப் பேரை நிறுத்தினாலும் பால் சீக்கிரம் சுண்டிவிடப் போவதில்லை.

கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் பல்கலைக்கழகத்திலோ ராஜபாளையம் ராம்கோ கல்லூரியிலோ மெக்கானிக்கல், சிவில் சேரும் பிள்ளைகளுக்கு லேப்டாப் வாங்கப் போகும் பெற்றோர், "ஐ7 தானே? எத்தனை கோர்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். டிசைன் வேலைக்கு அந்தக் கேள்வி போதாது. கோர் என்பது பிராசஸருக்குள் வேலை பார்க்கும் ஆள் மாதிரி.

சாலிட்வொர்க்ஸ் என்னும் டிசைன் மென்பொருளில் ஒரு தகடு வரைகிறோம். அதில் ஒரு துளை. துளையின் விளிம்பில் ஒரு வளைவு. தகட்டின் கனத்தை மாற்றினால் துளையை மறுபடி கணக்கிட வேண்டும், அது முடிந்தால்தான் வளைவுக்குப் போக முடியும். ஒன்றுக்குப் பின் ஒன்றுதான். அதனால் இந்த வேலையின் பெரும்பகுதி ஒரே கோரில் ஓடுகிறது. ஆட்டோகேடிலும் பெரும்பாலான கட்டளைகள் இப்படித்தான். அந்த நேரத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள்: 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலைச் சரடு) உள்ள பிராசஸரில் 8 சதவீதம் அளவில்தான் காட்டும். பிராசஸர் சும்மா இருக்கிறது என்று தோன்றும். ஒருவர் வியர்க்க வியர்க்கக் கிண்டிக்கொண்டிருக்க, மற்றவர்களுக்கு வாணலி இல்லை, அவ்வளவுதான்.

வரைந்ததை நிஜப் படம்போல ஆக்கும் ரெண்டரிங் அப்படியில்லை. படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கோர்களுக்குப் பங்கிடலாம். பத்து அடுப்பு, பத்து வாணலி, பத்து ஆள். அங்கே கோர் கூடக்கூட வேலை சீக்கிரம் முடியும்.

இனி, பலர் ஏமாறும் இடம். இன்டெல்லின் 12ஆம் தலைமுறையில் இரண்டை எடுத்துக்கொள்வோம்: ஐ7-1255யூ, ஐ5-12500எச். உச்ச வேகம் முன்னதற்கு 4.7 கிகாஹெர்ட்ஸ், பின்னதற்கு 4.5. ஐ7தான் உசத்தி என்று தோன்றும். ஆனால் அந்த ஐ7இன் பத்துக் கோரில் இரண்டுதான் முழு வலுவுள்ளவை. மீதி எட்டும் சிறியவை. ஐ5இல் வலுவுள்ளவை நான்கு. அடிப்படை மின்திறன் ஐ7க்கு 15 வாட், ஐ5க்கு 45 வாட். காய்ந்த ஓலை குப்பென்று எரிந்து அடங்கும்; புளியங்கட்டை நின்று எரியும். சட்டென்று முடியும் ஒரு கட்டளையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. அரை மணி நேரம் ரெண்டர் ஓடவிட்டால் ஐ7 மூச்சு வாங்கும், ஐ5 முந்திப் போய்விடும்.

சூட்டையும் கணக்கில் வையுங்கள். 100 டிகிரியை நெருங்கினால் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் ராஜபாளையத்து ஹாஸ்டல் அறையில், கனமில்லாத ஒல்லி லேப்டாப் இதில் சீக்கிரம் தோற்கும். கொஞ்சம் தடியாக, காற்று நன்றாகப் போய்வரும் உடல் உள்ளதே நல்லது.

பெயரின் கடைசி எழுத்துதான் வகையைச் சொல்கிறது. யூ வகை ஐ7க்குக் கொடுக்கும் பணத்தில் எச் வகை ஐ5, 16 ஜிபி ராம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடைக்குமானால் நான் தயங்காமல் அதைத்தான் வாங்கச் சொல்வேன். கடைக்காரர் "ஐ7" என்றதோடு நிறுத்திக்கொண்டால், பிராசஸரின் முழுப் பெயரையும் கடைசி எழுத்துவரை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.