டிரெய்லர் லாரியில் முன்பாரமும் பின்பாரமும்

மாட்டுவண்டியில் முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலெழும்பும். தென்னூர்ப் பக்கத்தில் வண்டி கட்டிய குடியானவர் நன்கறிந்திருந்த இவ்வுண்மை, திருச்சிராப்பள்ளிச் சாலைகளில் சரக்கேற்றிச் செல்லும் டிரெய்லர் லாரிக்கும் பொருந்துவதாம்.

டிரெய்லரின் முன்பகுதி, இழுவை லாரியின்மீதுள்ள ‘ஐந்தாம் சக்கரம்’ என்னும் இணைப்புத் தட்டின்மேல் அமர்கின்றது. அத்தட்டு பின்னச்சுக்கு நேர்மேலே இருப்பின், அதன்மேல் விழும் பாரம் முழுவதையும் பின்னச்சே தாங்கும். இரண்டு அச்சுகளுக்கும் இடைத்தூரம் 360 சென்டிமீட்டர், தட்டின்மேற் பாரம் 9 டன் என்று கொள்வோம். தட்டைப் பின்னச்சுக்கு 40 சென்டிமீட்டர் முன்னே பொருத்தினால் அப்பாரத்தில் 1 டன் முன்னச்சைச் சேரும். 80 சென்டிமீட்டராயின் 2 டன். தட்டு பின்னச்சுக்குப் பின்னே அமைந்தாலோ முன்சக்கரங்கள் இலேசாகி, லாரி திருப்பியபடி திரும்பாது. உயிருக்கே அபாயம் நேரும்.

மூட்டைகளை டிரெய்லரின் முன்முனையிற் குவித்தால் தட்டின்மேற் பாரம் ஏறும். நான்கு டயருள்ள ஒற்றையச்சின் வரம்பு 2018-இல் 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தப்பட்டது. மொத்த எடை சரியாயிருந்தும் ஓரச்சு வரம்பு மீறுதல் கூடும். ஆதலால் மூட்டைகளைச் சமமாய்ப் பரப்பி அடுக்குக; எடைமேடையில் அச்சு அச்சாக நிறுத்துப் பார்த்த பின்னரே லாரியை அனுப்புக.