ஐந்து புள்ளிகளில் வந்த 3-0: தாமஸ் கோப்பை முடிவை எப்படிப் படிப்பது?

2022 மே 15, ஞாயிற்றுக்கிழமை. பாங்காக் இம்பாக்ட் அரங்கில் நடந்த தாமஸ் கோப்பை பேட்மிண்டன் இறுதிப் போட்டியின் முடிவு இது: இந்தியா 3, இந்தோனேசியா 0. தாமஸ் கோப்பையை 14 முறை வென்ற அணி, அதுவும் நடப்புச் சாம்பியன், ஓர் ஆட்டத்தைக்கூட எடுக்க முடியாமல் தோற்றது என்றால் ஒருதலைப்பட்சமான மோதல் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அன்று ஆடிய மூன்று ஆட்டங்களின் புள்ளிகளையும் கூட்டிப் பாருங்கள். இந்தியா எடுத்தவை 156. இந்தோனேசியா எடுத்தவை 151. மூன்று ஆட்டங்கள், எட்டு செட்கள், வித்தியாசம் ஐந்தே புள்ளிகள்.

இந்திய பேட்மிண்டன் வரலாற்றில் ஆடவர் அணி பெற்ற மிகப் பெரிய வெற்றி இதுதான் என்பது என் கருத்து. அந்த வெற்றி எப்படி வந்தது என்பதை 3-0 என்ற வரி சொல்லாது. அதற்கு இந்தக் கோப்பையின் அமைப்பையும், ஆட்டங்களின் வரிசையையும், இரட்டையர் பிரிவில் இந்தியா கடந்து வந்த தூரத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

தாமஸ் கோப்பை என்பது ஆடவருக்கான உலக அணிப் போட்டி. 1949-ல் இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரில் நடந்த முதல் இறுதியில் டென்மார்க்கை வீழ்த்தி மலாயா கோப்பையைக் கைப்பற்றியது. தொடக்கத்தில் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை நடந்தது. அப்போது ஒரு மோதலுக்கு ஒன்பது ஆட்டங்கள். 1984 முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கிறது. ஆட்டங்கள் ஐந்தாகக் குறைந்தன. அவற்றில் மூன்று ஒற்றையர், இரண்டு இரட்டையர். மூன்றை முதலில் வெல்லும் அணிக்கு வெற்றி. 2022 வரை 73 ஆண்டுகளில் மலேசியா (அன்றைய மலாயா), இந்தோனேசியா, சீனா, ஜப்பான், டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகள் மட்டுமே இந்தக் கோப்பையைத் தொட்டிருந்தன. ஆறாவது நாடு இந்தியா.

ஆட்ட வரிசையில்தான் சூட்சுமம் இருக்கிறது. முதலில் முதல் ஒற்றையர், பிறகு முதல் இரட்டையர், இரண்டாம் ஒற்றையர், இரண்டாம் இரட்டையர், கடைசியாக மூன்றாம் ஒற்றையர். உலகத் தரவரிசையில் யார் மேலே இருக்கிறாரோ அவர்தான் முதல் ஒற்றையரில் இறங்க வேண்டும். எதிரணியின் பெரிய வீரரைத் தவிர்க்க நம் பெரிய வீரரை மூன்றாமிடத்தில் ஒளித்துவைக்க முடியாது. அதனால் ஒரே ஒரு நட்சத்திர வீரரை வைத்துக்கொண்டு இந்தக் கோப்பையை வெல்லவே முடியாது. 1980-ல் ஆல் இங்கிலாந்து பட்டம் வென்ற பிரகாஷ் படுகோனே இருந்தார். 2001-ல் அதே பட்டத்தை வென்ற கோபிசந்த் இருந்தார். இருந்தும் 1952, 1955, 1979 ஆகிய ஆண்டுகளின் அரையிறுதியைத் தாண்டி இந்தியா போனதில்லை.

பாங்காக்கில் இந்தியாவின் பலம் வேறு மாதிரி இருந்தது. முதல் ஒற்றையர் லக்‌ஷயா சென், அந்த ஆண்டு ஆல் இங்கிலாந்து இறுதி வரை போன இளைஞர். இரண்டாம் ஒற்றையர் கிடாம்பி ஸ்ரீகாந்த். இவர் 2018-ல் உலகின் முதல்நிலை வீரராக இருந்தவர், 2021 உலகச் சாம்பியன்ஷிப்பில் வெள்ளி வென்றவர். மூன்றாம் ஒற்றையர் எச்.எஸ்.பிரணாய், முன்பு உலகத் தரவரிசையில் எட்டாம் இடம் வரை எட்டியவர். அதாவது, உலகின் முன்னாள் நம்பர் ஒன் ஒருவர் எதிரணியின் இரண்டாம் வீரரோடு மோதினார். முன்னாள் எட்டாம் நிலை வீரர் எதிரணியின் மூன்றாம் வீரரோடு மோதினார். முதல் ஆட்டம் கைநழுவினாலும் கீழே இரண்டு தூண்கள் நின்றன.

ஆனால் தூண்கள் இரண்டுதான். தேவை மூன்று வெற்றி. மூன்றாவது வெற்றியைக் கொண்டுவந்தது சாத்விக்சாய்ராஜ் ராங்கிரெட்டி - சிராக் ஷெட்டி இணை.

காலிறுதியை எடுத்துக்கொள்ளுங்கள். குரூப் சுற்றில் ஜெர்மனி, கனடா இரண்டையும் 5-0 என வீழ்த்தி, சீன தைபேயிடம் 2-3 எனத் தோற்று, குரூப்பில் இரண்டாவதாக வந்த இந்தியாவுக்கு எதிரில் நின்றது மலேசியா. லக்‌ஷயா, லீ ஸி ஜியாவிடம் 21-23, 9-21 எனத் தோற்றார். இரண்டாம் இரட்டையரும் போனது. சாத்விக் - சிராக், ஸ்ரீகாந்த், பிரணாய் ஆகியோர் 3-2 எனக் கரை சேர்த்தனர். காலிறுதியை வென்றாலே பதக்கம் உறுதி என்பதால், தாமஸ் கோப்பையில் இந்தியாவின் முதல் பதக்கம் அன்றே கைக்கு வந்துவிட்டது.

அடுத்த நாள் டென்மார்க்குடன் நடந்த அரையிறுதி, இந்தத் தொடரிலேயே அதிகம் ஆராயத்தக்க மோதல். அதன் முடிவுகளை முழுமையாகத் தருகிறேன். லக்‌ஷயா, டோக்கியோ ஒலிம்பிக் சாம்பியன் விக்டர் அக்செல்சென்னிடம் 13-21, 13-21 என வீழ்ந்தார். சாத்விக் - சிராக், கிம் அஸ்ட்ரூப் - மத்தியாஸ் கிறிஸ்டியன்சென் இணையை 21-18, 21-23, 22-20 என வென்றனர். ஸ்ரீகாந்த், ஆண்டர்ஸ் அன்டோன்சென்னை 21-18, 12-21, 21-15 என வென்றார். இரண்டாம் இரட்டையரில் கிருஷ்ண பிரசாத் - விஷ்ணுவர்தன் இணை 14-21, 13-21 எனத் தோற்றது. 2-2. கடைசி ஆட்டத்தில் பிரணாய், ராஸ்மஸ் ஜெம்கேயை எதிர்கொண்டார். முதல் செட்டில் வழுக்கிக் கணுக்காலைப் பிசகிக்கொண்டு, மருத்துவ உதவி பெற்றுத்தான் தொடர்ந்தார். அந்த செட் 13-21 எனப் போனது. அடுத்த இரண்டையும் 21-9, 21-12 என எடுத்தார்.

இந்த ஐந்து ஆட்டங்களின் புள்ளிகளைக் கூட்டினால் இந்தியா 226, டென்மார்க் 241. பதினைந்து புள்ளிகள் குறைவாக எடுத்த அணி இறுதிக்குப் போனது! ஸ்ரீகாந்தும் அன்டோன்சென்னும் எடுத்த புள்ளிகள் சரிசமம், இருவருக்கும் 54. இதை அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாது. பேட்மிண்டனில் ஒவ்வொரு செட்டும் தனிக் கணக்கு. 13-21 என்று தோற்றாலும் 20-22 என்று தோற்றாலும் நஷ்டம் ஒரு செட்தான். போன செட்டின் பாரத்தைச் சுமக்காமல் அடுத்ததில் இறங்குபவருக்கே இந்த விளையாட்டு சொந்தம். கணுக்கால் வலியோடு 21-9 என்று ஆடிய பிரணாய் அன்று காட்டியது அதைத்தான்.

இனி இறுதிப் போட்டி. லக்‌ஷயாவுக்கு எதிரே டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற அந்தோணி ஜின்டிங். மின்னல் வேகக் கால்கள் கொண்டவர். முதல் செட்டை 21-8 என்று வாரிச் சுருட்டினார். ஏற்கெனவே காலிறுதியிலும் அரையிறுதியிலும் தோற்ற லக்‌ஷயா, மூன்றாவது முறையும் அதே வழியில் போவதாகத்தான் தெரிந்தது. இரண்டாவது செட்டில் அவர் ரேலிகளை நீட்டினார். ஜின்டிங் பாய்ந்து அடித்ததையெல்லாம் தாழப் பணிந்து எடுத்துத் திருப்பினார். 21-17, 21-16. இந்த ஆட்டத்திலும் மொத்தப் புள்ளிகளில் பின்தங்கியவர் வென்றவர்தான்: லக்‌ஷயா 50, ஜின்டிங் 54.

அடுத்து வந்த இரட்டையர் ஆட்டத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இந்தோனேசியா என்றாலே இரட்டையர். அந்த நாட்டின் பெருமை அது. மார்கஸ் கிடியோன் காயத்தால் இல்லாததால், அவருடைய ஜோடி கெவின் சஞ்சயா சுகமுல்ஜோவை, மூன்று முறை உலகச் சாம்பியனான முகமது அஹ்சனோடு சேர்த்து இறக்கினார்கள். புது இணைதான், ஆனால் இருவருமே இந்தக் கலையில் கரைகண்டவர்கள். முதல் செட் 21-18 என அவர்களுக்கு. இரண்டாவது செட்டில் ஸ்கோர் போர்டு 20-17 என்று காட்டியது. மூன்று மேட்ச் பாயின்ட். ஒரே ஒரு புள்ளி போயிருந்தால் மோதல் 1-1 என்று சமமாகியிருக்கும்.

இரட்டையர் ஆட்டத்தில் அந்த நிலையில் நிற்பது எவ்வளவு கடினம் என்பதை, சர்வ் போடும் முறையை வைத்தே சொல்லலாம். ஷட்டிலை அடிக்கும் தருணத்தில் அது தரையிலிருந்து 1.15 மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. வலையோ நடுவில் 1.52 மீட்டர். அதாவது ஷட்டில் மேலே ஏறித்தான் வலையைத் தாண்ட வேண்டும். ஆனால் ஒரு விரற்கடை கூடுதலாக எழும்பினால், எதிரே மட்டையை உயர்த்திக் காத்திருக்கும் கெவின் போன்றவர் அதைக் கீழே அறைந்துவிடுவார். அப்படி ஒரு சர்வைக் கைநடுங்காமல் போட வேண்டும். எதிரணி சர்வ் போட்டால், அதை மேலே தூக்கிக்கொடுக்காமல் வலையை ஒட்டித் தள்ள வேண்டும். முதல் மூன்று நான்கு அடிகளிலேயே யார் தாக்குவது, யார் தடுப்பது என்பது முடிவாகிவிடும். சாத்விக்கும் சிராக்கும் அந்த மூன்று புள்ளிகளையும் தாண்டினார்கள். நான்காவதாக ஒரு மேட்ச் பாயின்ட் வந்தபோது அதையும் தாண்டினார்கள். செட் 23-21. மூன்றாவது செட் 21-19. மொத்தப் புள்ளிகள் 62-61. ஒரே ஒரு புள்ளி!

ஸ்ரீகாந்துக்கு எதிரே 2018 ஆசிய விளையாட்டு சாம்பியன் ஜோனாதன் கிறிஸ்டி. 21-15, 23-21 என நேர் செட்களில் ஸ்ரீகாந்த் முடித்தார். தொடரில் ஆடிய ஆறு ஆட்டங்களிலும் தோல்வியே காணாதவர் அவர். கடைசிப் புள்ளி விழுந்ததும் சக வீரர்கள் கோர்ட்டுக்குள் பாய்ந்தார்கள். இரண்டு நாக்-அவுட் மோதல்களைத் தன் தோளில் சுமந்த பிரணாய்க்கு இறுதியில் மட்டையைத் தொடும் அவசியமே வரவில்லை.

இந்தியாவிடம் நல்ல ஒற்றையர் வீரர்கள் முன்பும் இருந்தார்கள். லீ ஸி ஜியாவிடமும் அக்செல்சென்னிடமும் லக்‌ஷயா தோற்ற அந்த இரண்டு நாட்களிலும், முதல் இரட்டையர் வெற்றி இல்லையென்றால் இந்தியா வெளியேறியிருக்கும். ஒற்றையர் நாடாக இருந்த இந்தியாவுக்கு அந்த இரட்டையர் இணையைக் கட்டிக்கொடுத்ததில் வெளிநாட்டுப் பயிற்சியாளர்களின் பங்கு பெரிது. உயரமும் அடிபலமும் கொண்ட இந்த இருவரையும் ஜோடி சேர்த்தவர் மலேசியாவின் டான் கிம் ஹெர். பின்னர் அவர்களைப் பட்டை தீட்டியவர் டென்மார்க்கின் மத்தியாஸ் போ. 2016-ல் டென்மார்க் தாமஸ் கோப்பை வென்றபோது அந்த அணியில் இருந்தவர் அவர். இரண்டு இரட்டையர் மரபுகளின் அறிவு இந்த இணைக்குள் இறங்கியிருக்கிறது. 2023-ல் ஆசிய விளையாட்டில் தங்கம், அதே ஆண்டு உலகத் தரவரிசையில் முதலிடம் என அவர்கள் அடுத்தடுத்துக் குவித்தவை பாங்காக் ஒரு தற்செயல் அல்ல என்பதற்குச் சான்று.

ஆனால் அதே முடிவுப் பட்டியலில் ஒரு குறையும் எழுதியிருக்கிறது; கொண்டாட்டத்தில் அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. காலிறுதி, அரையிறுதி இரண்டிலும் இந்தியாவின் இரண்டாம் இரட்டையர் இணை நேர் செட்களில் தோற்றது. இரண்டு ஆண்டுகள் கழித்து சீனாவின் செங்டு நகரில் நடந்த 2024 தாமஸ் கோப்பையில் அந்தக் குறை விலை கேட்டது. காலிறுதியில் சீனாவுடன் மோதல். பிரணாய், ஷி யூச்சியிடம் தோற்றார். சாத்விக் - சிராக் இணையும் தோற்றது. லக்‌ஷயா மட்டும் லீ ஷிஃபெங்கை வென்றார். இரண்டாம் இரட்டையரும் கைவிட்டுப் போக, 3-1 எனச் சீனா வென்றது. நடப்புச் சாம்பியன் இந்தியா வெளியேறியது.

நம் ஊர்களில் பிள்ளைகளைப் பயிற்சி மையத்தில் சேர்க்கும் பெற்றோரின் கண் பெரும்பாலும் ஒற்றையர் மீதே இருக்கிறது. சிந்துவையும் ஸ்ரீகாந்தையும் பார்த்து வளர்ந்த ஆசை அது, அதில் தவறில்லை. ஆனால் இரட்டையர் என்பது ஒற்றையரில் தேறாதவர்கள் ஒதுங்கும் இடம் என்ற எண்ணம் மாற வேண்டும். சர்வ், சர்வைத் திருப்புவது, வலைக்கு அருகே ஆடும் கை, ஜோடியோடு இடம் மாறும் கால் என்று தனியாகப் பல ஆண்டுகள் பழக வேண்டிய வித்தை அது. மாநிலச் சங்கங்களும் பயிற்சி மையங்களும் சிறு வயதிலிருந்தே இரட்டையருக்கென்று தனி நேரமும் தனிப் பயிற்சியாளர்களும் ஒதுக்கட்டும். அடுத்த தாமஸ் கோப்பை முடிவுகள் வரும்போது நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது நான்காவது வரி, இரண்டாம் இரட்டையர். அந்த வரியில் வெற்றி வரத் தொடங்காத வரை இந்தியாவின் நம்பிக்கை முழுவதும் ஒரே ஓர் இணையின் மீதுதான்.